ஆர்வமின்மைச் சான்று

மனிதரின் கவனம் முதன்முறையாக அலுவல்முறைப்படி பாதுகாக்கப்பட்ட நாள் எது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால் பதில் இல்லாமல் விழிக்கக் கூடாது என்பதற்காக இதைப் பதிவு செய்கிறோம். அது ஒரு புதன்கிழமை. இடம்: நில அளவைத் துறையின் மண்டல அலுவலகம், மூன்றாம் மாடி, பழைய வரைபடங்கள் கிடக்கும் அறைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் உள்ள அறை. நேரம்: காலை பதினொன்று இருபது. பதினொன்றுக்கே நடந்திருக்க வேண்டியது; நாடா வெட்டக் கத்தரிக்கோல் அகப்படவில்லை. கடைசியில் இயக்குநர் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப் போயிருந்ததால் அதற்கு இருபது நிமிடம் பிடித்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஊழியர்களும் கவனம் சிதறாமல் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கதவுக்கு மேலே ‘கவனப் பாதுகாப்புப் பிரிவு’ என்று பலகை. கீழே நின்று இயக்குநர் பேசினார்.

“நம்ம ஊழியர் ஒவ்வொருத்தருக்கும் மின்னஞ்சல்ல ஒரு நாளைக்குச் சராசரியா பதினேழு செய்திமடல் வருது. ஒண்ணைத் திறந்தா அது இன்னொண்ணுல கொண்டு விடுது. அப்புறம் வேலை எங்க நடக்கும்? இது எனக்கு எப்படித் தெரியும்னு நீங்க கேட்கலாம். போன மாசம் ஆபீஸ் நேரத்துல எனக்கு வந்த ஒரு செய்திமடல்ல படிச்சேன். படிச்ச உடனே அதே மாதிரி இன்னும் பதினோரு மடலுக்குப் பேர் கொடுத்து வெச்சுட்டேன். எல்லாமே கவனத்தைப் பத்தினதுதான்.”

எல்லாரும் கைதட்டினார்கள்.

ஏற்பாடு எளிமையானது. இனி ஊழியர்களுக்கு வரும் எல்லாச் செய்திமடல்களும் முதலில் பிரிவுக்குப் போகும். அங்கே ஒரு வாசிப்பு அலுவலர் அவற்றைப் படித்து, தரம் பிரித்து, ஆபத்தில்லாதவற்றை மட்டும் ஊழியர்களுக்கு அனுப்புவார். ஊழியர்கள் விஷயமும் தெரிந்தவர்களாக இருப்பார்கள், கவனமும் சிதறாது. வாசிப்பு அலுவலராக நியமிக்கப்பட்டவர் அதுவரை தளவாடக் கிடங்கில் நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருந்தவர். பதினான்கு வருடக் கிடங்கு வாழ்க்கையில் அவர் எதையும் படித்து எவரும் பார்த்ததில்லை. சிதறாத கவனம் என்றால் இதுதான் என்று இயக்குநர் முடிவு செய்துவிட்டார்.

கூட்டத்தின் கடைசி வரிசையில் ஒரு வரைவாளர் நின்றிருந்தார். நிலங்களின் எல்லைக்கோடுகளை வரைபடத்தில் ஏற்றுவது அவர் வேலை. நாற்பத்தொரு வயது. மனைவி ஒன்பது மணி நேரப் பேருந்துப் பயணத்துக்கு அப்பால் இன்னொரு ஊரின் மருத்துவமனையில் செவிலியர். ஆறு வயது மகள் அம்மாவோடு. அந்த ஊரில் நில அளவைத் துறைக்கு ஒரு கிளை உண்டு. அந்தக் கிளைக்கு ஒரே ஒரு வரைவாளர் பணியிடம் உண்டு. அதில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் இந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அவர் எழுந்திருப்பதற்காக நம் வரைவாளர் ஆறு வருடம் காத்திருந்தார்.

காலியிடங்களைத் துறையின் தலைமையகம் ‘பணியிட மடல்’ என்ற செய்திமடலில் திங்கள்தோறும் வெளியிடும். வேறெங்கும் வெளியிடாது. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மடல் வந்ததும் பலகையைக் கழற்றிவிட்டார்கள். மடல் வந்த பத்து நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நம் வரைவாளர் வாழ்க்கையில் விரும்பிப் படித்த ஒரே செய்திமடல் இதுதான். திங்கள் காலை ஒன்பதரைக்குத் திறப்பார், தன் மனைவியின் ஊர் இருக்கிறதா என்று பார்ப்பார், இருக்காது, மூடுவார், பென்சிலைச் சீவத் தொடங்குவார். ஆக மொத்தம் இரண்டு நிமிடம். ஒரு வாரத்துக்கு ஒரு மடல், ஒரு நோக்கம், இரண்டு நிமிடம். இயக்குநர் படித்த பன்னிரண்டு மடல்களும் எதைச் சாதிக்கச் சொல்லி மன்றாடினவோ, அதை யாரும் சொல்லாமலேயே செய்துகொண்டிருந்த ஒரே மனிதர் அந்தக் கட்டடத்தில் அவர்தான். ஆகவே திட்டம் அவர் தலையில்தான் முதலில் விழுந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு அவர் இன்பாக்ஸைத் திறந்தார். பணியிட மடல் இல்லை. அதற்குப் பதிலாக மூன்று மடல்கள் இருந்தன. ஒன்று பஞ்சு மெத்தை உற்பத்தியாளர் சங்கத்தினுடையது. இன்னொன்று மண்புழு வளர்ப்பு. மூன்றாவது ‘மின்தூக்கிப் பராமரிப்பு மாதமிருமுறை’. அலுவலகத்தில் மின்தூக்கி கிடையாது. மூன்றின் மேலும் ‘பாதுகாப்பானது’ என்று பச்சை முத்திரை.

தாமதமாக வருமென்று அன்று முழுதும் பார்த்தார். மறுநாள் மூன்றாம் மாடிக்கு ஏறினார்.

வாசிப்பு அலுவலர் மேசைக்குப் பின்னால், தானே கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்து வந்த சுழல் நாற்காலியில் இருந்தார். சுவரில் பெரிய அட்டவணை. அதன் தலைப்பு ‘சிதறல் குறியீடு’. கணினிப் பிரிவிலிருந்து ஆறு மாதக் கணக்கை வாங்கி, எந்த மடலை எத்தனை பேர் திறக்கிறார்கள் என்று கண்டுபிடித்திருந்தார்கள். அதிகம் பேர் திறப்பது அதிகம் சிதறடிப்பது. யாருமே திறக்காதது யாரையும் சிதறடிக்காதது. பச்சை முத்திரை அதற்கு.

“மின்தூக்கி மடலை இதுவரைக்கும் ஒருத்தர்கூடத் திறந்ததில்ல” என்று பெருமையாகச் சொன்னார் வாசிப்பு அலுவலர். “அவ்வளவு சுத்தமான மடல்.”

பணியிட மடல் அட்டவணையின் உச்சியில் சிவப்பு மையில் இருந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் திறக்கிறார்கள். சிலர் இரண்டு முறை. இந்த மண்டலத்தின் உழைப்பைத் தின்னும் முதல் எதிரி அதுதான் என்றும், அதன் அச்சுப்பிரதி பீரோவில் பூட்டப்பட்டிருக்கிறது என்றும், சாவி தன்னிடம் பத்திரமாக இருக்கிறது என்றும் அவர் தெரிவித்தார்.

வரைவாளர் தன் கதையைச் சொன்னார். இரண்டே நிமிடம் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்றார். வாசிப்பு அலுவலர் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார். நாற்காலி உடைந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் பதினான்கு வருடம் காட்டிய அதே அனுதாபம்.

“ரெண்டு நிமிஷம்னுதான் எல்லாரும் சொல்றாங்க தம்பி. அப்படித்தான் ஆரம்பிக்கும்.”

வரைவாளர் தலைமையகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். மூன்று இடத்துக்கு மாற்றிவிட்டு, நான்காவது ஆள், விவரம் மடலில் இருக்கிறது, மடலைப் பாருங்கள் என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை, பணி முடிந்து சீருடையோடு அவர் மனைவி அந்த ஊர்க் கிளைக்கே போய் விசாரித்தாள். மாலை கூப்பிட்டாள்.

“இடம் வந்தாச்சுங்க. திங்கக்கிழமை மடல்லயே போட்டுட்டாங்களாம். அடுத்த புதன் சாயங்காலம் அஞ்சு மணிதான் கடைசி.”

“அப்போ அப்ளிகேஷன் எழுதி அனுப்பிடறேன்.”

“அனுப்பிப் பிரயோஜனம் இல்ல. மடல்ல அந்த இடத்துக்கு நேரா ஒரு ஏழு இலக்க எண் இருக்காம். அதை எழுதலைன்னா குப்பையிலதான் போடுவாங்களாம். இங்க இருக்கிற கிளைக்குன்னு மடல் தனியா வராதாம், அவங்களும் உங்க மண்டலத்து வழியாத்தான். அவங்களுக்கும் மண்புழுதான் வந்திருக்கு.”

பிறகு அவள் சொன்னாள், “எதிர்ல அந்த ரெண்டு ரூம் வீடு காலியாகுது. வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். எண்ணை மட்டும் எப்படியாவது வாங்குங்க. சண்டை போடாதீங்க. உங்களுக்குச் சண்டை வராது, அழுதுடுவீங்க.”

வியாழனன்று அவர் வாசிப்பு அனுமதிக்கான படிவம் வாங்கினார். பதினொரு பக்கம். நான்காம் பக்கத்தில், ‘கோரும் மடலில் உள்ள செய்தியை விரிவாக எழுதுக’ என்று இருந்தது. ஐந்தாம் பக்கத்தில், ‘மேற்படி செய்தி விண்ணப்பதாரருக்கு எவ்வாறு முன்கூட்டியே தெரிந்தது? விளக்கம் தருக’ என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், இணைக்க வேண்டிய ஆவணம்: ஆர்வமின்மைச் சான்று.

பதிவேட்டுப் பிரிவில் ஓர் அக்கா இருந்தார். இருபத்தாறு வருட சர்வீஸ். துறை கொண்டுவந்த எல்லாச் சீர்திருத்தங்களின் கோப்புகளையும் அவர்தான் கட்டிப் பரணில் ஏற்றியவர். வரைவாளர் அவரிடம் போய்ச் சான்றைப் பற்றிக் கேட்டார். ஒரு மடலைப் பெற விரும்புகிறவர், அந்த மடலில் தனக்கு எந்த ஆர்வமும் இல்லை என்று பிரிவிடம் நிரூபித்துச் சான்று பெற வேண்டும். ஆர்வம் உள்ளவர் கையில் கொடுத்தால் கவனம் சிதறும் அல்லவா? அக்கா இதைச் சிரிக்காமல் விளக்கினார்.

“ஆர்வம் இல்லாதவன் எதுக்குக்கா மடலைக் கேட்கப்போறான்?”

“அதைத்தான் நானும் கேட்டேன். அதனாலதான் இதுவரைக்கும் ஒரு விண்ணப்பம்கூட வரலையாம். திட்டம் வெற்றின்னு அறிக்கை போயிருக்கு. வாயை மூடிட்டுப் போய் வாசிப்புத் தேர்வுல உட்காரு.”

வாசிப்புத் தேர்வு வெள்ளிக்கிழமை. சுவரைப் பார்த்துப் போட்ட நாற்காலியில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து, பச்சை முத்திரை மடல் ஒன்றைக் கண் விலகாமல் படிக்க வேண்டும். வரைவாளருக்குக் கிடைத்தது மின்தூக்கி மடல்: ‘கம்பிக்கயிற்றுக்கு எண்ணெயிடும் முறைகள், பகுதி ஒன்பது’. வாசிப்பு அலுவலர் நிறுத்தக் கடிகாரத்தோடு பின்னால் நின்றார். நின்று சலித்ததாலோ என்னவோ நடுநடுவே பேச்சுக் கொடுத்தார். அந்த ஊர் எப்படி, வெயில் அதிகமா, தண்ணீர் ஒழுங்காக வருமா என்றெல்லாம் கேட்டார். தன் மேல் இவ்வளவு அக்கறை காட்டுகிறாரே என்று நெகிழ்ந்து வரைவாளர் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வரும் என்றார். மனைவி பார்த்து வைத்திருக்கும் இரண்டு அறை வீட்டைப் பற்றியும், காலையில் சமையலறையில் விழும் வெளிச்சத்தைப் பற்றியும் சொன்னார். முப்பத்தெட்டாம் நிமிடம் சுவரில் இருந்த நாள்காட்டியை ஒரு தடவை பார்த்தார். அதற்காகத் தோற்கடிக்கப்பட்டார். பேசியதற்கு மதிப்பெண் குறைக்கவில்லை; அது அலுவல்முறை உரையாடல்.

மறுதேர்வு திங்கட்கிழமை. இம்முறை தேறிவிட்டார். கம்பிக்கயிற்றுக்கு எண்ணெயிடுவதில் அந்த மண்டலத்திலேயே அவரை மிஞ்ச ஆளில்லை.

செவ்வாய் மாலை நேர்காணல். அதற்கு முன் உணவு இடைவேளையில் அக்கா அவரைப் பதிவேட்டு அலமாரிகளுக்கு நடுவே நிற்க வைத்துப் பயிற்சி கொடுத்தார். முகத்தைத் தொங்கப் போட வேண்டும்; ஆனால் சோகமாக இல்லை, சோகம் என்றால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். வருடாந்திர அறிக்கை வாசிக்கப்படும்போது எப்படி முகம் இருக்குமோ அப்படி. வரைவாளர் கற்றுக்கொண்டார்.

நேர்காணல் குழுவில் மூன்று நாற்காலிகள். ஒன்றில் இயக்குநர், இன்னொன்றில் வாசிப்பு அலுவலர். மூன்றாவது, நடுநிலை உறுப்பினருக்கானது, காலியாக இருந்தது. கூட்டத் தகவல் அவருக்குச் செய்திமடலில் அனுப்பப்பட்டிருந்தது.

“இந்த மடல் உங்களுக்கு வேணுமா?” என்றார் இயக்குநர்.

“வேணும்னு இல்ல சார். கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி.”

“அப்போ ஏன் கேட்டீங்க?”

“சும்மாதான் சார். ஒரு பழக்கம்.”

இயக்குநர் வாசிப்பு அலுவலரைப் பார்த்துத் தலையசைத்தார். “கொடுத்தா என்ன பண்ணுவீங்க?”

“ஓரமா வெச்சுடுவேன் சார்.”

“எப்பப் படிப்பீங்க?”

“நேரம் கிடைச்சா. ரெண்டு மாசம் கழிச்சு பார்க்கலாம்.”

இப்படி ஓர் ஊழியரை இயக்குநர் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை. கண்ணில் பளபளப்போடு பேனாவைத் திறந்தார். சான்றிதழில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டும் விட்டார். கையெழுத்துப் போடுகிறவர்கள் இடையில் எதையாவது கேட்டு வைப்பார்களே, அந்த மாதிரி, தலை நிமிராமல் கேட்டார்:

“குடும்பம் எல்லாம் இங்கதானா?”

“இல்ல சார். அங்க.”

‘அங்க’ என்ற அந்த ஒரு சொல்லில் வரைவாளரின் குரல் பிசகியது. அவ்வளவுதான். இயக்குநர் பேனாவை மூடினார்.

“பார்த்தீங்களா? இதைத்தான் நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒரே ஒரு வார்த்தை. அதுக்குள்ள உங்க கவனம் ஒன்பது மணி நேரத் தூரம் போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு. உங்ககிட்ட அந்த மடலைக் கொடுத்தா என்ன ஆகும்?”

“போயிடுவேன் சார்” என்றார் வரைவாளர். அக்கா கற்றுக் கொடுத்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அதேதான்.”

பிறகு இயக்குநர் சற்று இளகினார். தன் மேசையைக் காட்டினார். அதன் மேல் மூன்று கணினித் திரைகள் இருந்தன.

“என்னைப் பாருங்க. உங்களுக்கெல்லாம் கவனம் சிதறக் கூடாதுன்னு தினமும் நூத்தம்பது மடல் நான் படிக்கிறேன். காலைல வந்து உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும். ஒரு கோப்பைத் தொட நேரமில்ல. ஒரு மாசமா ஒரு எல்லைத் தகராறைக்கூடத் தீர்க்கல. வீடு அஞ்சு நிமிஷ நடைல இருக்கு, வீட்டுக்குப் போனாலும் படிக்கிறேன். என் வீட்டம்மா, நீங்க ஊர்ல இல்லாத மாதிரியே இருக்குன்னு சொல்றா. நான் அதைத் தியாகமா எடுத்துக்கறேன். நீங்களும் அப்படி எடுத்துக்கங்க.”

சான்று மறுக்கப்பட்டது. ஆனால் பிரிவு இரக்கமற்றதல்ல. விண்ணப்பதாரரின் குடும்பச் சூழலைக் கருத்தில் கொண்டு, மடலின் சுருக்கத்தை மட்டும் அவருக்கு வழங்கலாம் என்று அன்றே தீர்மானமாயிற்று. புதன் பகல் இரண்டரைக்கு, கடைசி நாளன்று, அது வந்து சேர்ந்தது. அரக்கு முத்திரை வைத்த உறை. உள்ளே ஒரு தாள். தாளில்:

‘பல ஊர்களில் சில பணியிடங்கள் காலியாக உள்ளன. விருப்பமுள்ளோர் உரிய காலத்தில், உரிய எண்ணைக் குறிப்பிட்டு விண்ணப்பிக்கலாம்.’

அடிக்குறிப்பு: ‘எண்களும் ஊர்ப்பெயர்களும் வாசகரின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடியவை என்பதால் நீக்கப்பட்டுள்ளன.’

வரைவாளர் படிகளில் ஓடினார். அவர் அலுவலகத்தில் ஓடி யாரும் பார்த்ததில்லை. வரைவு அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் மாடியில் பிரிவு பூட்டியிருந்தது. வாசிப்பு அலுவலர் முந்தின இரவே விடுப்பில் கிளம்பியிருந்தார். இயக்குநரின் அறைக்குப் போனார். இயக்குநர் படித்துக்கொண்டிருந்தார், அடுத்த மடலுக்கும் இந்த மடலுக்கும் இடையில் மட்டுமே குறுக்கிடலாம் என்றார்கள். மடல்களுக்கு இடையில் இடைவெளி எதுவும் வரவில்லை. நான்கரைக்கு வரைவாளர் மறுபடி மேலே ஏறிப் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது நல்ல பூட்டு. கிடங்கிலிருந்து வந்தது.

ஐந்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள். அவர் எடுத்தார். அவள் தொலைபேசியை நேராக மகளிடம் கொடுத்தாள். மகள், அப்பா, எதிர் வீட்டுல மாமா ஒருத்தர் வந்து சுவரெல்லாம் தட்டித் தட்டிப் பார்க்கிறார் என்றாள்.

அந்த மாமா யார் என்பது பன்னிரண்டு நாள் கழித்துப் பிரிவுபசார விழாவில் தெரிந்தது.

மண்டலம் முழுவதிலும் பணியிட மடலைப் படித்தவர் ஒருவரே. விண்ணப்பித்தவரும் அவர் ஒருவரே. அவருக்குக் கோடு இழுக்கத் தெரியுமா என்ற கேள்வி தலைமையகத்தில் எழுந்ததாகவும், தகுதியுள்ள விண்ணப்பதாரர் இல்லாதபோது இருக்கிற விண்ணப்பதாரரே தகுதியுள்ளவராகக் கருதப்படுவார் என்ற விதியின்கீழ் அது அடங்கிப் போனதாகவும் அக்கா பிற்பாடு சொன்னார். வாசிப்பு அலுவலர் மேடையில் கூச்சத்தோடு நின்றார். அவர் அருகில் அந்தச் சுழல் நாற்காலி கயிறு கட்டித் தயாராக இருந்தது. அதையும் எடுத்துப் போகிறார்.

இயக்குநர் உணர்ச்சிவசப்பட்டிருந்தார்.

“நம்ம திட்டம் ஜெயிக்குமான்னு கேட்டவங்க இருக்காங்க. இவரைப் பாருங்க. பதினாலு வருஷம் நாற்காலி எண்ணின மனுஷன். கவனம் சிதறாம, ஆயிரக்கணக்கான மடலுக்கு நடுவுல, தனக்கு எது தேவையோ அந்த ஒண்ணே ஒண்ணை மட்டும் படிச்சார். வாழ்க்கை மாறிடுச்சு. நீங்க எல்லாரும் இவர் மாதிரி ஏன் படிக்க மாட்டேங்கறீங்க?”

வரைவாளர் மட்டும் கையைப் பாதி தூக்கி, பிறகு அதே கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

விழா முடிந்து இறங்கும்போது வாசிப்பு அலுவலர் அவரைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தப்பாக நினைக்கக் கூடாது என்றார். மடல் தன் மேசையில் மேலாக இருந்ததால்தான் படிக்க நேர்ந்தது என்றார். நீங்கள் அந்த ஊரைப் பற்றி அவ்வளவு அழகாகச் சொல்லாமல் இருந்திருந்தால் தனக்கு எண்ணமே வந்திருக்காது என்றார்.

“அந்த அளவுகோல்ல ரெண்டு பக்கமும் கோடு போட்டிருக்கே தம்பி, எந்தப் பக்கம் வெச்சு வரையணும்?”

வரைவாளர் சொல்லிக் கொடுத்தார்.

பிரிவு இப்போதும் இயங்குகிறது. வாசிப்பு அலுவலர் பணியிடம் காலியானதைத் தலைமையகம் பணியிட மடலில் முறைப்படி அறிவித்தது. மடல் வழக்கம்போல் பிரிவுக்கு வந்தது. படிக்க ஆள் இல்லாததால் அது படிக்கப்படவில்லை. ஆகவே யாரும் விண்ணப்பிக்கவில்லை. பூட்டிய அறைக்குள் எட்டு மாதமாக மடல்கள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. திறப்பவர் எண்ணிக்கை பூஜ்யம் என்பதால் எல்லா மடல்களுமே பச்சைக்கு மாறிவிட்டன. அவற்றுக்கு முத்திரை குத்தத்தான் ஆள் வேண்டும். சிதறலை அடியோடு ஒழித்த முதல் மண்டலம் என்று தலைமையகம் பாராட்டுப் பத்திரம் அனுப்பியிருக்கிறது.

கிளையின் புது வரைவாளருக்கு வயது நாற்பத்து நான்கு. துறையில் ஓய்வு வயது அறுபது.